பால் நுரையில் செய்த பனி

பிரஸ்கா அத்தையை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தில், தோட்டத்துக்குச் சொந்தமான இறப்பர் பாலைத் திருடியதாகக் காரணம் எழுதியிருந்தார்கள். பனி செய்ததாக எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும். அப்படி எழுத எந்த அலுவலகத்திலும், எந்தக் கந்தோரிலும் வழியில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவருடைய வேலை போனதற்கு ஒரு காரணம் நான், இன்னொரு காரணம் என் அப்பா. இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தேவையில்லை.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. பெரும்பாலும் இறப்பர். இங்கே பனி என்றால் மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் தலையில் இறங்குவது. "பனி எறங்குது, தலையில துண்டக் கட்டு" என்று சொல்லாமல் எந்தத் தாயும் பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டாள். பால் வெட்டுகிறவர்களுக்கு அந்தப் பனியைப் பிடிக்காது. மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்டிய கோட்டை விட்டுப் பால் கண்டபடி வழியும், சிரட்டையில் பாதிகூடச் சேராது. சாலி நானா கடையில் போய் ஸ்னோ கேட்டால் முகத்தில் பூசும் வெள்ளைக் கிரீம் போத்தலை எடுத்துத் தருவார். வானத்திலிருந்து கொட்டுகிற அந்த மற்றப் பனியும் எங்களுக்குத் தெரியாததல்ல. அது கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையிலும் டிவியிலும் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்களில் கடல் கடந்து போனவர்களெல்லாம் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். அவர்கள் பார்த்துவிட்டு வந்தது மணலைத்தான்.

ஆனாலும் டிசம்பர் வந்தால் எங்கள் கோயிலில் கிறிஸ்மஸுக்குக் கட்டும் குடிலில் பனி விழுந்தே ஆக வேண்டும். பனி இல்லாத குடில் எங்கள் சனத்துக்குக் குடிலே இல்லை. பாலன் பிறந்த ஊரில் பனி பெய்ததா என்று யாரும் கேட்டதில்லை. பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் கதை சொல்லிக் கொடுக்கும் நானும் கேட்டதில்லை.

பிரஸ்கா அத்தைக்கு ஐம்பத்து நான்கு வயது. பதினெட்டு வயதில் பேர் பதிந்து பால் வெட்டத் தொடங்கியவர். இடையில் எட்டு வருஷம் ஸ்டோரில், அதாவது பாலை உறைய வைத்து இறப்பர் தகடாக்கும் இடத்தில், வேலை செய்தார். அங்கே தொட்டிப் பாலின் மேல் மிதக்கும் நுரையை வழித்தெடுப்பதுதான் அவர் வேலை. வாய் கொஞ்சம் நீளம். லொறிக்காரர்களோடு சிங்களத்தில் சண்டை பிடிக்கத் தோட்டத்தில் ஆள் தேவைப்பட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்காதான் என்றாலும், அப்பா வழியில் ஏதோ ஒரு முறை சொல்லி நான் சின்ன வயதிலிருந்து அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

கல்யாணத்துக்கு என்ன கொண்டு வந்தீர்கள் என்று கேட்டால், "ஒரு தகரப் பொட்டி, ஒரு ஸ்னோ போத்தல்" என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் அந்தப் போத்தல் திறக்கும். தீர்ந்தால் சாலி நானா கடையில் இன்னொன்று வாங்குவார். அவர் புருஷன் சூசைதாசன் மாமா பதினொரு வருஷத்துக்கு முன்பு எலிக்காய்ச்சலில் செத்துப்போனார். பெட்டியில் கிடத்தியபோது முகம் மஞ்சளாக இருந்தது. பிணத்தின் முகத்துக்கு ஸ்னோவும் பவுடரும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை தன் போத்தலிலிருந்து இரண்டு விரலால் வழித்து, கன்னத்திலும் நெற்றியிலும் தடவி, அழாமல் நிதானமாகப் பூசினார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் எதையும் பூசி நான் கண்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், மேர்சி. அவிசாவளையில் காமென்ட் தொழிற்சாலையில் தையல் வேலை, அங்கேயே போடிங் அறையில் தங்கியிருக்கிறாள். அத்தை தனியாக மேட்டு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஓர் அறையில், இருக்கிறார். அந்த லயத்துக்குப் பின்னால் மலை. பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மண்சரிவு அபாயம் என்று அதிகாரிகள் வந்து சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய் நாலு வருஷமாகிறது. பலத்த மழை என்றால் அந்த லயத்துச் சனம் பாயையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுக்கும். விடிந்ததும் திரும்பி வந்து சுவர் நிற்கிறதா என்று பார்க்கும்.

அப்படி இருக்கும்போதுதான் இருபது வீடு கட்டப்போகிறார்கள் என்று வந்தது. ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, தனிக் கக்கூசு, சமதரையில். தோட்டப் பதிவில் பேர் உள்ள ஆளுக்கு மட்டும். வேலையில் பேர் இருந்தால் வீடு, பேர் போனால் வீடும் போகும். லிஸ்டில் பிரஸ்கா அத்தைக்குப் பதினோராவது இலக்கம். அத்திவாரம் போட்ட நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேரே அங்கே போய், பதினோராம் இலக்கத்துக்குள் நின்று, கதவு எந்தப் பக்கம் வரும், அடுப்பு எங்கே வரும் என்று மேசன் பாஸை நச்சரிப்பார். அந்த மனுஷனுக்கு அவரைக் கண்டாலே தலைவலி.

எங்கள் பேர் இருபத்தொன்று. இருபது வீட்டுக்கு இருபத்தொன்றாவதாக நிற்பதைப்போல எரிச்சல் வேறு இல்லை. அம்மா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை இல்லை. கூரை ஒழுகும், அவ்வளவுதான்.

என் அப்பா டெனிஸ்டன், மலையில் கங்காணி. பால் வெட்டுகிறவர்களை மேற்பார்வை பார்ப்பது, பால் நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பது அவர் வேலை. கோயிலில் உபதேசியார். ஃபாதர் மாதம் இரண்டு தரம்தான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, மணி அடிப்பது, குடில் கட்டுவது எல்லாம் அப்பா. நல்ல குரல். எல்லோரும் அவரை மதிப்பார்கள். நானும் மதித்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குடிலில் பஞ்சுப் பனி போட்டிருந்தோம். மின்விளக்குச் சரம் சூடேறிப் பஞ்சு பற்றி, கழுதையின் ஒரு காது கருகிப்போனது. போன வருஷம் சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களுக்கெல்லாம் குடில் போட்டி வைத்தார்கள். பஞ்சு வேண்டாம், வெள்ளை ரெஜிபோம் அட்டையும் வேண்டாம், இயற்கையாகச் செய்யுங்கள் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். கமிட்டிக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பிரஸ்கா அத்தை வீட்டுக்குப் போனார்.

"பிரஸ்கா, நீ ஸ்டோர்ல இருந்தவ. பால்ல வெள்ளையா ஏதும் செய்ய ஏலுமா?"

"எதுக்குங்க உபதேசியாரே?"

"குடிலுக்கு ஸ்னோ போடணும்."

"நுரைய அடிச்சு ஒறைய வச்சா செய்யலாங்க. ஆனா நுர மட்டும் பத்தாது, பாலும் ஊத்தணும். தோட்டத்துப் பாலுங்களே."

"கோயிலுக்குத்தானே. யாரு கேக்கப் போறா? நான் இருக்கேன்ல."

அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியத்தையும் நான் என் காதால் கேட்டேன். இதை வாசிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எட்டு நாள் அத்தை அந்த வேலை செய்தார். தன் மரத்தில் வெட்டிய பாலிலிருந்து, நிறுவைக்குப் போகும் முன், நுரையையும் ஒரு சின்ன வாளிப் பாலையும் ஒதுக்கினார். பொழுது சாய வீட்டில் சவர்க்காரத் தண்ணீர் கலந்து ஈர்க்குக் கட்டால் அடித்தார். பொங்கி வந்ததும் கொஞ்சம் வினாகிரி விட்டு, நனைத்த சாக்கில் பரப்பி உறைய வைத்தார். நாற்றம் போக ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, வெயில் படாமல் காயப் போட்டார். வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும் என்று காய்கிற இடத்துக்கு என்னைக் காவல் வைத்தார். ஒதுக்கிய பாலால் ஒரு நாள் அவருக்கு நிறை போதாமல் அரைப்பேர்தான் விழுந்தது. அரைநாள் சம்பளம். அப்பாதான் அதைப் பதிந்தார். எதுவும் பேசாமல் பதிந்தார்.

நான் கைபேசியில் எங்கோ ஒரு நாட்டில் பனி கொட்டுகிற வீடியோவைக் காட்டினேன். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"தேங்காப்பூ திருவிக் கொட்டுன மாதிரில்ல கெடக்கு. இதுல போயி சனம் எப்படிப் பொழைக்குது?"

"வீட்டுக்குள்ள சூடு போட்டுக்குவாங்க அத்த."

"ம். வீடு நல்லா இருந்தா என்ன கொட்டுனா என்ன" என்றார்.

குடில் கட்டி முடிந்ததும் சனம் கிட்டப் போய்ப் பார்த்தது. தகரக் கூரையில் தடிப்பாக வெள்ளைப் பனி. ஓரத்தில் வழிந்த நுரை வழிந்தபடியே உறைந்து தொங்கியது. தொட்டால் மெத்தென்று அமுங்கி மறுபடி எழும்பியது. மிச்சமிருந்த நாற்றத்துக்கு அத்தை அடியில் கறுவாப்பட்டை செருகியிருந்தார். போட்டிக்குத் தீர்ப்புச் சொல்ல வந்த மூன்று பேரும் பிள்ளைகளைப்போல ஆளுக்கொரு தரம் தொட்டுப் பார்த்தார்கள். எங்களுக்கு முதல் பரிசு, ஒரு சுவர்க் கடிகாரம். அன்றைக்கு அத்தை சிரித்த சிரிப்பு, புருஷன் போன பிறகு நான் பார்த்த முதல் முழுச் சிரிப்பு. அதை நான் படம் பிடித்தேன்.

படத்தைக் கோயில் இளைஞர் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். சும்மா போட்டிருக்கலாம். எனக்குத் தமிழ் நன்றாக எழுத வரும் என்ற திமிர் இருந்தது. "இது காசு கொடுத்து வாங்கிய பனி அல்ல. எங்கள் மண்ணின் இறப்பர்ப் பால். எங்கள் பிரஸ்கா அத்தை எட்டு நாள் தன் வாளியிலிருந்து பாலெடுத்துச் செய்த பனி" என்று எழுதினேன். முந்நூறு பேர் பகிர்ந்தார்கள். யாரோ ஒரு நல்ல மனுஷர் கீழே சிங்களத்திலும் மொழிபெயர்த்துப் போட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சமைக்கும்போதுகூடக் கைபேசியை எடுத்து எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருந்த துரையும் பார்த்தார். மரத்திலிருந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து பால் தோட்டத்துடையது. சிரட்டையில் இருந்தாலும் வாளியில் இருந்தாலும் குடிலின் கூரையில் இருந்தாலும் தோட்டத்துடையது. இது எனக்கும் தெரியும். இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். பெருமை வந்தபோது மறந்துபோனது.

ஜனவரி மூன்றாம் தேதி, குடில் பிரிக்கும் நாளுக்கு முன்னாலேயே, ஸ்டோரிலிருந்து இரண்டு பேர் வந்து கூரையிலிருந்த பனியை உரித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். அங்கே தராசில் நிறுத்தார்கள். நான்கு கிலோ இருநூறு கிராம். மறுநாள் விசாரணை. அத்தை, மலைக் கங்காணி என்ற முறையில் அப்பா, எழுதியவள் என்பதால் நான், மூன்று பேரையும் கந்தோருக்கு வரச் சொன்னார்கள்.

காலையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து அப்பா அத்தையிடம் பேசினார். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத தங்கச்சி. கங்காணியே பால எடுக்கச் சொன்னான்னு ரெண்டு பேரையும் நிப்பாட்டிருவாங்க. திங்கக்கிழம ஃபாதரோட கோயில் சனமெல்லாம் போயி கடுதாசி குடுக்குறோம். கோயிலுக்காகச் செஞ்சதுன்னா தொர விட்டுருவாரு."

"எம் பேரு போச்சுன்னா வீடும் போயிருங்களே."

"போகாது. நாங்க விட மாட்டோம்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், அன்று தலையை ஆட்டினேன்.

கந்தோரில் பெரிய கிளாக்கர் தங்கரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்து ஆள். அதிகம் பேசாத மனுஷர், தோட்டத்துச் சனத்தோடு ஒட்ட மாட்டார் என்று நாங்கள் குறை சொல்வோம். அவர்தான் உள்ளே போகும் முன் அத்தையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. செய்யச் சொன்னது ஆர் எண்டு ஒரு பேர் சொன்னீங்களெண்டால், எச்சரிக்கைக் கடிதத்தோட முடிஞ்சிடும். நான் கதைச்சுப் பாத்திட்டன். ஒருதரும் சொல்லேல்லை எண்டால் அது களவு. களவுக்கு என்னால ஒண்டும் செய்யேலாது."

"சரிங்கய்யா" என்றார் அத்தை.

"யோசிச்சுக் கதையுங்கோ. வீட்டு லிஸ்ட்டும் என்ர மேசையிலதான் கிடக்கு."

உள்ளே துரையின் மேசைக்கு முன்னால் சாக்கு திறந்து கிடந்தது. பனி ஒன்றோடொன்று ஒட்டி அழுக்குப் பொதியாக இருந்தது. துரை சிங்களத்தில் கேட்டார். "மே கிரி காகெத?" இந்தப் பால் யாருடையது என்று. "கஹே, சேர்" என்றார் அத்தை. மரத்துடையது. கிண்டலுக்குச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். துரைக்கு முகம் சிவந்தது. யார் எடுக்கச் சொன்னார்கள் என்று கேட்டார். அத்தை பேசவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் பேசவில்லை, அப்பாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

துரை அப்பாவைக் கேட்டார். "தன்னே நே, சேர்" என்றார் அப்பா. தெரியாது. கோயிலில் செபம் சொல்கிற அதே தெளிவான குரலில் சொன்னார்.

பிறகு என்னைக் கேட்டார். யாராவது அந்த அம்மாவிடம் போய்க் கேட்டதை நீ பார்த்தாயா என்று. எனக்கு நல்ல சிங்களம் தெரியும். கேள்வி முழுசாக விளங்கியது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். "பார்க்கவில்லை, நானாகத்தான் எழுதினேன்" என்றேன். ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த தங்கரத்தினம் ஐயா பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

துரைக்குக் கொடுக்கும் கடிதத்தை நான்தான் எழுதினேன். இரண்டு மொழியிலும் எழுதினேன். கோயில் தேவைக்காகச் செய்தது, உபதேசியாரின் வேண்டுகோளின்படி செய்தது என்று, கந்தோரில் நான் மறைத்ததும் அதில் தெளிவாக இருந்தது. அறுபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஃபாதரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று அப்பா வாங்கிக்கொண்டார். கோயில் அலுமாரியில் மெழுகுதிரிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அந்தத் திங்கள் ஃபாதர் தியானத்துக்குப் போயிருந்தார். அடுத்த திங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் வாரம் அத்தையை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் வந்தது. யூனியன் தலைவர் வந்து, களவு கேஸ் என்றால் வாதாட ஏலாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அந்த மூன்று வாரமும் அலுமாரிச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. தினமும் கண்டேன். எடுத்துக்கொண்டு போய்க் கடிதத்தை நானே கொடுத்திருக்கலாம். ஃபாதருடைய கையெழுத்து இல்லாவிட்டாலும் அறுபத்துமூன்று கையெழுத்து இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், முதல் இரண்டு வாரமும் அப்பா கொடுத்துவிடுவார் என்று நம்பினேன். மூன்றாவது வாரம் நான் அதைப் பற்றி நினைப்பதையே நிறுத்திக்கொண்டேன்.

பெப்ரவரியில் கந்தோர்ச் சுவரில் புதிய வீட்டு லிஸ்ட் ஒட்டினார்கள். பதினொன்றில் இருந்த பேர் வெட்டப்பட்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு படி மேலே ஏறியிருந்தார்கள். இருபதாவது பேர் டெனிஸ்டன். நான் வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தைப் பற்றிக் கேட்கத்தான் ஓடுகிறேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற அம்மாவிடம் என் வாயிலிருந்து வந்தது, "அம்மா, நமக்கு வீடு கெடச்சிருச்சு" என்பதுதான். அன்று எங்கள் வீட்டில், நல்ல காரியத்துக்குச் செய்கிற பால்சோறு. நானும் சாப்பிட்டேன்.

அப்பா திட்டம் போட்டுச் செய்ததாகச் சிலர் பேசினார்கள். அது பொய். திட்டம் போடுகிற அளவுக்கு அவருக்குத் தைரியம் கிடையாது. பயந்தார், பேசாமல் இருந்தார், பேசாமல் இருந்ததற்கு வீடு வந்தது. வீடு வந்த பிறகு பயமும் போய்விட்டது. இப்போது கேட்டால், எல்லாம் ஆண்டவர் சித்தம் என்கிறார். ஆண்டவர் மேல் பழி போட அவருக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

பிரஸ்கா அத்தை இப்போது கீழே ஒரு சிங்கள முதலாளியின் நாலு ஏக்கர் இறப்பரில் நாட்கூலிக்குப் பால் வெட்டுகிறார். அதே மேட்டு லயத்தில்தான் இருக்கிறார். வேலை போனால் லயக் காம்பிரா அறையையும் விட்டுப் போக வேண்டும். ஆனால் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிய இடம் என்பதால் அதை விட்டுப் போகச் சொல்ல யாருக்கும் அவசரமில்லை. கோயிலுக்கு வருகிறார். பின்வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடுகிறார். புது வீடுகள் இருக்கும் பக்கம் போவதில்லை.

ஒக்டோபரில் நாங்கள் குடிவந்தோம். ஃபாதர் வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்தார். அத்தைக்கும் சொல்லியனுப்பினோம், வரவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் இந்த வருஷக் குடிலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பாலன் பிறந்த நாட்டுப்பக்கம் அப்படியெல்லாம் பனி கொட்டுவது குறைவு, அதனால் இனிப் பனி வேண்டாம், எளிமையாகச் செய்வோம் என்று ஃபாதர் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு வருஷம் முந்தி இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது. கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் இருப்பது இப்போது எனக்கும் கைவந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாவது நாள் மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வந்து, மேட்டு லயத்துச் சனம் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டு போனது. நான் குடையை எடுத்துக்கொண்டு ஏறினேன். பாதையில் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. அத்தை பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அடையாள அட்டை, மாமாவின் மரணச் சான்றிதழ், மேர்சியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுத் தயாராக இருந்தது. பின்சுவரில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"அத்த, ஸ்கூல்ல தரையெல்லாம் தண்ணியாம். நம்ம வீட்டுக்கு வந்திருங்க. முன் ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"யாரு வீட்டுக்கு?"

நான் குடையை மடக்கினேன்.

"சொல்லு புள்ள. யாரு வீட்டுக்குக் கூப்புடுற?"

"ஒங்க வீட்டுக்குத்தான் அத்த."

"தெரியுதுல்ல. என் வீட்டுல நான் விருந்தாளியா வந்து படுக்க மாட்டேன்."

சுருட்டிய பாயைத் தோளில் வைத்தார். பிறகு, ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்று சொல்கிற குரலில் பேசினார்.

"ஒங்க அப்பா மேல எனக்குப் பெரிய கோவம் இல்ல. அவரு பயந்த மனுசன், அது எனக்கு முன்னமே தெரியும். தெரிஞ்சும் நம்புனது எந் தப்பு. ஆனா நீ படிச்சவ. ஒன்னத்தான் அன்னிக்குக் கந்தோர்ல பாத்துக்கிட்டு நின்னேன்."

"என்ன மன்னிச்சிருங்க அத்த."

"மன்னிக்க முடியல. பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லிட்டேன். முயற்சி பண்ணுங்கன்னு ஃபாதர் சொன்னாரு. பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், வர மாட்டேங்குது."

குடையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் விலக்கிவிட்டு, பொலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாதையில் இறங்கினார். மற்றச் சனமும் பாயோடு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவர் வீட்டுக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு வேறு பாதையில் இறங்கி வந்தேன்.

வீட்டில் அப்பா முன் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்து வானொலியில் மழைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா முன்யோசனையாக அந்த அறையில் ஒரு பாயும் போர்வையும் போட்டு வைத்திருந்தாள்.

"வரல்லயா?" என்றார் அப்பா.

"வரல்ல."

"என்ன செய்றது. நம்ம கடமைக்குக் கூப்புட்டாச்சு" என்றார். பிறகு, சாரல் உள்ளே அடிக்கிறது, கதவைச் சாத்து என்றார். நான் சாத்தினேன்.